லாரிக்கு அடியில் விரித்த அட்டை

என் லாரிக்கு எந்த எஞ்சின் ஆயில் ஊற்றுவது என்று முடிவெடுக்க முடியாமல் நான் தூக்கத்தைத் தொலைத்தேன். கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு யோசித்ததில்லை. இதை மனைவியிடம் சொன்னபோது, "யோசிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றாள்.

லாரி என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். பத்தடி டீசல் லாரி. கிடங்கிலிருந்து அரிசி, பருப்பு, எண்ணெய் டின் எல்லாம் ஏற்றி லிட்டில் இந்தியா கடைகளுக்குப் போடுகிற வேலை. ஓட்டுவதும் நான், தூக்குவதும் நான், முதலாளியும் நான். திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாததால் என்னையே திட்டிக்கொள்வேன். சிராங்கூன் ரோட்டு நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் போய்விட்டது. சாயந்திரம் தெம்பனிஸ் வீட்டுக்கு வந்து சோபாவில் காலை நீட்டினால், மனைவி நல்லெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து தேய்த்துவிடுவாள். தேய்க்கும்போதே பேச்சும் தொடங்கும்.

"அடுத்த வருஷம் சி.ஓ.இ. முடியுதுல்ல. அதோட நிறுத்திக்கங்க."

இந்த ஊரில் வண்டி வாங்கினால் மட்டும் போதாது. அதை ரோட்டில் ஓட்டும் உரிமையையும் வாங்க வேண்டும். அதுதான் சி.ஓ.இ., அதற்குப் பத்து வருஷம்தான் ஆயுள். முடிந்தால் மறுபடி கட்டிப் புதுப்பிக்கலாம், இல்லாவிட்டால் வண்டி ஸ்க்ராப்புக்குப் போகும். மனைவி எப்போது கேட்டாலும் நான் "பாக்கலாம்" என்பேன். அந்தச் சொல் எங்கள் வீட்டில் நிரந்தரவாசத் தகுதி வாங்கிப் பல வருஷமாகிறது.

தீபாவளி நெருங்கியதும் கடைக்காரர்கள் சரக்குக்குத் துரத்த ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் ஆயில் மாற்றிவிடலாம் என்று காக்கி புக்கிட்டில் வழக்கமாகப் போகும் பட்டறைக்குப் போனேன். அங்கே மெக்கானிக் ஜொகூர்க்காரர். தினமும் எல்லைப் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவர். என்னைவிட நாலைந்து வயது குறைவு, வாய் மட்டும் என்னைவிடப் பெரிது.

"பாஸ், இந்த வாட்டி மினரலா, சிந்தெட்டிக்கா?"

இத்தனை வருஷமும் மினரல்தான், அதாவது சாதாரண ஆயில். கேள்வியே புதிது. "என்ன வித்தியாசம்?" என்று கேட்டு வைத்தேன். கேட்டிருக்கக் கூடாது.

"சிந்தெட்டிக்குன்னா அடிக்கடி மாத்த வேணாம், சூடு தாங்கும், எஞ்சினுக்கும் நல்லது. ஆனா உங்களுது பழைய எஞ்சின் லா. உள்ள அழுக்கு சேந்து கெடக்கும். சிந்தெட்டிக் அதைக் கழுவி எடுத்துரும். அழுக்கு அடைச்சிக்கிட்டிருந்த எடம் ஏதாச்சும் இருந்தா ஒழுகலாம்."

"ஒழுகுமா?"

"ஒழுகாமலும் இருக்கலாம்."

"யோவ், எதைத்தான் போடச் சொல்ற?"

"இன்னும் எத்தன வருஷம் ஓட்டப் போறீங்க? அதச் சொல்லுங்க. ஸ்க்ராப்புக்குப் போற வண்டின்னா மினரலே போதும். புதுப்பிச்சு ஓட்டப் போறீங்கன்னா சிந்தெட்டிக் போடுங்க."

ஆயில் மாற்றப் போன இடத்தில் ஆயுள் ஜாதகம் பார்க்கிறார்கள். போன மாதம்தான் பாலிகிளினிக்கில் டாக்டரம்மா என் முழங்கால் படத்தைப் பார்த்துவிட்டு இதே கேள்வியைக் கேட்டார். அங்கே சிரித்து மழுப்பினேன். இங்கே மழுப்ப முடியவில்லை. நாளை வருகிறேன் என்று திரும்பிவிட்டேன்.

அன்று எண்ணெய் தேய்க்கும் நேரத்தில் மெக்கானிக் சொன்னதை அப்படியே மனைவியிடம் ஒப்பித்தேன். அவள் கை நிற்கவில்லை. "இதுல யோசிக்க என்ன இருக்கு? மினரல் போடுங்க" என்றாள். அவ்வளவு எளிதாக. முப்பது வருஷ லாரி வாழ்க்கையை ஒரே சொல்லில் மூட்டை கட்டிவிட்டாள்.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் மறுபடி கேட்டார். என் வாய் "சிந்தெட்டிக்" என்றது. துணிச்சல் எல்லாம் இல்லை. மினரல் என்று சொன்னால், நான் ஓய்வு பெறுகிறேன் என்பதை ஜொகூர்க்காரர் ஒருவரிடம் முதலில் அறிவித்தது போலாகும். அந்தப் பயத்தில் வந்த வார்த்தை அது. மீதி ஆயிலை டப்பாவோடு கையில் கொடுத்தார். பக்கத்து சீட்டின் கீழே வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போக ஏறிய மனைவியின் காலில் அது இடித்தது. எடுத்துப் படித்தாள்.

"அப்ப புதுப்பிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க."

"ஆயில்தானே மாத்தினேன்."

"சரி" என்று டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தாள். அவள் திட்டினால் பதில் சொல்லிவிடுவேன். "சரி" என்றால்தான் ஆபத்து. அன்று சாயந்திரம் எண்ணெய்க் கிண்ணம் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நானே தேய்த்துக்கொண்டேன்.

அந்த வாரம் சரக்கெல்லாம் நல்லெண்ணெய் டின்தான். தீபாவளி விடியலில் தலையில் எண்ணெய் வைக்காமல் எந்த வீட்டில் குளிப்பார்கள்? டின்கள் சரியாமல் இருக்க, டிரைவர் அறைக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து அடுக்கினேன். இறக்கும்போது மளிகைக் கடைக்காரர் முகம் சுளித்தார்.

"என்னாண்ணே, டின்னெல்லாம் பிசுபிசுங்குது?"

"எண்ணெய் டின் வேற எப்படி இருக்கும்? பன்னீர் தெளிச்சா கொண்டு வரணும்?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். என் புத்திசாலித்தனத்தை அப்போது நானே மெச்சிக்கொண்டதாக ஞாபகம்.

ஆயில் மாற்றிய பிறகு சில நாள் லாரிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வைப்பது லாரிக்காரன் வழக்கம். ஒழுகினால் அட்டையில் தெரியும். இரவெல்லாம் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே லாரி நிற்கும். காலையில் குனிந்து பார்ப்பேன். குனிவது சுலபம், நிமிரும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். டின் இறக்கிய மறுநாள் காலை பார்த்தேன். எஞ்சினுக்கு நேர் கீழே வெள்ளிக் காசு அளவுக்கு ஈரம். விரலால் தொட்டேன். வழவழவென்று, பொன்னிறத்தில், புத்தம் புதிய எண்ணெய்.

அழுக்கைக் கழுவிவிட்டது. ஒழுக ஆரம்பித்துவிட்டது. எஞ்சின் முடிந்தது.

இனி புதுப்பிக்கவும் முடியாது. பண்டிகைச் சரக்கு பாதியில் நிற்கும். மனைவி "சரி" என்பாள். மூன்றாவதை நினைத்தால்தான் எனக்கு அதிகப் பயம்.

அன்று முழுக்க ஒவ்வொரு கடை வாசலிலும் எஞ்சினை அணைத்த கையோடு அளவுக் குச்சியை உருவிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஆயில் குறைவாகவே காட்டியது. சீட்டின் கீழே இருந்த டப்பாவைத் திறந்து கொஞ்சம் ஊற்றுவேன். அடுத்த கடையில் மறுபடி குறைவு, மறுபடி ஊற்றுவேன். எஞ்சின் அணைந்த உடனே ஆயில் மேலேயே தங்கியிருக்கும், கொஞ்சம் பொறுத்தால்தான் கீழே இறங்கும். இது லாரி கற்றுக்கொண்ட முதல் வாரமே எனக்குத் தெரிந்த சங்கதி. பயம் வந்ததும் அந்தச் சங்கதி மண்டையிலிருந்து இறங்கிப் போய்விட்டது, நான் ஏற்றிக்கொண்டே இருந்தேன். மத்தியானத்துக்குள் டப்பா காலி.

அப்புறம்தான் புகை. சிராங்கூன் ரோட்டில், பண்டிகை அலங்கார வளைவுக்குக் கீழே, நெரிசலில் அசையாமல் நிற்கும்போது பின்னாலிருந்து நீலமாகக் கிளம்பியது. பூக்கடைப் பெண்மணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சத்தம் போட்டார்: "அண்ணே, கடைக்குச் சாம்பிராணி போடச் சொன்னோமா?"

அப்படியே ஒரு சந்துக்குள் திருப்பி, சரக்கு இறக்கும் இடத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். ரொம்பக் களைப்பாக இருந்தது. லாரி போச்சே என்று வருத்தப்படுவதற்குப் பதில், உள்ளே எங்கோ ஓர் ஓரத்தில், நாளைக்கு ஓட்ட வேண்டாம் என்று நிம்மதி எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்துத்தான் நான் உண்மையில் பயந்தேன்.

மனைவி அன்று பக்கத்துத் தேக்கா சந்தையில் பண்டிகைச் சாமான் வாங்க வந்திருந்தாள். போன் செய்தேன். இரண்டு கையிலும் பையோடு, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள். கீழே நான் விரித்திருந்த அட்டையில் அப்போதும் ஒரு சொட்டு விழுந்தது.

"பாரு, உயிர் போகுது" என்றேன்.

பையை வைத்துவிட்டுக் குனிந்தாள். சொட்டைத் தொட்டாள். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஏங்க, இது நல்லெண்ணெய்."

"சும்மா இரு. எஞ்சினுக்குக் கீழ எங்கேருந்து நல்லெண்ணெய் வரும்?"

"தெனமும் உங்க காலுக்குத் தேய்க்கிறவ நானு. எனக்குத் தெரியாதா? உங்களுக்கு வாசனைகூடவா தெரியல?"

தெரியவில்லைதான். பல வருஷமாக என் கால், என் கைலி, என் சோபா எல்லாம் அந்த வாசனைதான். என் மூக்குக்கு அது எண்ணெய் வாசனையே இல்லை, என் வாசனை.

பின்னால் ஏறிப் பார்த்தேன். டின் அடுக்கிய இடத்தில் பலகை முழுக்க ஊறிக் கிடந்தது. ஏதோ ஒரு டின் அடிவாங்கிக் கசிந்திருக்கிறது. பலகை இடுக்கு வழியாக இறங்கி, கீழே கம்பி கம்பியாக ஓடி, டிரைவர் அறைக்கு அடியில் இருக்கும் எஞ்சின் பக்கம் வந்து சொட்டியிருக்கிறது. போதாததற்கு, டீசல் எஞ்சினுக்குள் போன ஆயில் ஒரே நாளில் கறுத்துவிடும். பொன்னிறத்தில் சொட்டினால் அது எஞ்சின் ஆயிலே இல்லை. இதுவும் எனக்குத் தெரிந்த சங்கதிதான்.

மனைவி சந்துச் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. நான் கெடுக்கவில்லை.

மெக்கானிக் போனில் கதையைக் கேட்டுவிட்டு, வண்டியைத் தொடாதீர்கள் என்று சொல்லி இழுவை லாரி அனுப்பினார். பட்டறையில் நான் ஊற்றிய அதிகப்படி ஆயிலை வடித்தார்; அதுதான் எரிந்து புகைந்ததாம். எஞ்சினைக் கிளப்பினார். கொஞ்ச நேரம் புகைந்து, பிறகு தெளிந்தது.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு பாஸ். டிரைவரைத்தான் செக் பண்ணணும். சரி, அடுத்த வாட்டி எதைப் போடுறது?"

பிளாஸ்டிக் நாற்காலியில் பைகளோடு உட்கார்ந்திருந்த மனைவி என் பக்கம் பார்க்கவில்லை. வாங்கிய சாமானைச் சரிபார்ப்பது போல் பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மினரல்" என்றேன். "அடுத்த வருஷத்தோட ஸ்க்ராப்."

சொன்ன பிறகு ஏதாவது இடிந்து விழும் என்று காத்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. பக்கத்தில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு மினரல்?" மனைவி நிமிர்ந்தாள். "இப்ப இருக்கறதையே போடுங்க."

"ஸ்க்ராப்புக்குப் போற வண்டிக்கு எதுக்குக்கா சிந்தெட்டிக்?" என்றார் மெக்கானிக்.

"இத்தன வருஷம் எங்க பாரத்தைத் தூக்கியிருக்குல்ல. போற வரைக்கும் நல்லா ஓடட்டும்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில், சிக்னலில் நிற்கும்போது, சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டாள். "மெக்கானிக்கிட்ட சொன்னீங்களே. அதை எங்கிட்டயும் ஒரு வாட்டி சொல்லலாம்ல?"

"பாக்கலாம்" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"அடுத்த வருஷத்தோட நிறுத்திக்கிறேன்."

"ம்" என்றாள். பச்சை விழுந்தது. கிளட்சை மிதித்தேன், வலித்தது.

அந்தப் பலகை அப்புறமும் பல நாள் சொட்டிக்கொண்டிருந்தது. நானும் அட்டை விரிப்பதை நிறுத்தவில்லை. பட்டறையிலிருந்து திரும்பிய அன்று சாயந்திரம் சோபாவில் காலை நீட்டியபோது, அவள் அடுக்களையிலிருந்தே கேட்டாள். "கார் பார்க்குக்குப் போய் லாரியில சொட்டுறதக் கிண்ணத்துல புடிச்சிட்டு வரட்டா, இல்ல வீட்ல இருக்கறதையே சூடு பண்ணட்டா?"