ஏழாம் நம்பர் நீல ஜெர்சி

கொட்டாரம் சந்தையில் மீன் வாங்குகிறவர்களுக்கு லீமாவைத் தெரியாமல் இருக்காது. சம்மணம் போட்டு உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவர்களைவிட ஒரு தலை உயரமாகத் தெரிவாள். பேரம் பேசினால் பதிலே சொல்ல மாட்டாள். நீங்கள் பொறுக்கி எடுத்த மீனை உங்கள் கையிலிருந்து வாங்கித் தட்டில் திரும்பப் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். அவளும் நானும் நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில் படித்தோம், ஒரே பாஸ்கட்பால் டீமில் இருந்தோம் என்று சொன்னால் என் ஆபீஸில் ஒருத்தரும் நம்புவதில்லை. டீமில் இருந்தோம் என்றால், அவள் ஆடினாள், நான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருந்தேன். அதற்கும் ஒரு ஆள் வேண்டாமா?

லீமாவுக்குச் சொந்த ஊர் கடியப்பட்டணம். அப்பா கடலுக்குப் போகிறவர். பங்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிஸ்டர் இவள் உயரத்தைப் பார்த்துவிட்டுப் பந்தைக் கையில் கொடுத்தார். இடது கைக்காரி. அவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்று எதிர் டீமுக்குக் கடைசிவரை பிடிபடாது. மூன்று வருஷம் ஏழாம் நம்பர் போட்டு ஆடினாள். மூன்று வருஷமும் பல்கலைக்கழகக் கோப்பை எங்கள் கல்லூரிக்குத்தான் வந்தது. அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை. படிப்பு முடிந்ததும் கல்யாணம், பிள்ளைகள், மீன் வியாபாரம். "பொறவு பந்தைத் தொட்டியா?" என்று ஒருநாள் கேட்டேன். "எங்க மக்கா, மீனைத் தொட்ட கையைக் கழுவதுக்கே நேரமில்ல" என்றாள். வருத்தப்பட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை.

எங்கள் பழைய டீமுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. லீமா அதில் இல்லை. பிரீனா இருக்கிறாள், அவள் இப்போது அமெரிக்காவில். அவள் மகள் படிக்கிற கல்லூரியின் விளையாட்டு அரங்கைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். கூரையிலிருந்து வரிசையாகச் சட்டைகள் தொங்குகின்றன. ஒருத்தர் ஆடிப் பெயர் வாங்கித் தந்தால், அவர் போட்ட நம்பரைப் பிறகு யாருக்கும் கொடுப்பதில்லையாம். ஆளை வரவழைத்து, குடும்பத்தோடு களத்தின் நடுவில் நிறுத்தி, எல்லோரும் எழுந்து கை தட்ட, சட்டையை மேலே ஏற்றுவார்களாம். 'லீமாவுக்கு நம்ம காலேஜ் இதைச் செய்யணும்' என்று எழுதியிருந்தாள். நம்மூரில் செத்தவர்கள் படத்தைத்தான் உயரத்தில் மாட்டுவார்கள், உயிரோடு இருக்கிற ஆளுடையதை மாட்டினால் அடிக்க வருவார்கள் என்று நான் பதில் போட்டேன். ஆனால் கேட்டுப் பார்த்தபோது கல்லூரியில் சரி என்றுவிட்டார்கள்.

அங்கே விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் ஸ்மிதா சின்னப் பெண், ஆர்வக்காரி. செவ்வாய்க்கிழமை காலையில் லீமாவை போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லப்போவதாக என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். நான் சும்மா இருப்பேனா? ஆபீஸில் ஒரு மணிநேரம் பெர்மிஷன் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போனேன். லீமாவின் முகம் அந்த நேரத்தில் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

லீமா அயிலை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கையைத் துடைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். ஸ்மிதாவின் குரல் எனக்கும் கேட்டது. "லீமா மேடமா? உங்க நீல ஜெர்சி, ஏழாம் நம்பர், அதைப் பத்திப் பேசணும் மேடம். ஒருக்க நேர்ல வரமுடியுமா?"

நான் சிரித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தேன். அந்த முகத்தில் இரத்தமே இல்லை.

"எங்க கெடச்சு?" என்று லீமா கேட்டாள்.

ஸ்மிதாவுக்குப் புரியவில்லை. "நேர்ல வாங்க மேடம், சொல்றேன்" என்றாள். லீமா போனை வைத்துவிட்டு உடனே இன்னொரு நம்பரை அழுத்தினாள். "பிரிஜா, கெடச்சுட்டான். கொட்டாரத்துக்கு வா" என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிரிஜா அவள் தம்பி ததேயுஸின் மனைவி. ததேயுஸ் ஒக்கி புயலில் போனவன். கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் போன விசைப்படகில் இருந்தான். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இவ்வளவும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாததை லீமா அப்போதுதான் சொன்னாள். கல்லூரியில் புது ஜெர்சி வந்தபோது பழையதை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். அதைத் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டான். நனைந்தாலும் சீக்கிரம் காயும், கடலுக்கு நல்லது என்றான். கூட்டாளிகள் "அக்காளுக்க பனியனைப் போட்டவன்" என்று கேலி செய்தபோது, "கப்பு அடிச்ச பனியன்லே இது" என்பானாம். முதுகில் ஏழு பிய்ந்து தொங்கியபோது லீமாதான் பச்சை வலைநூலால் சுற்றித் தைத்துக் கொடுத்தாள். கடைசியாகக் கடலுக்குப் போனபோதும் அதைத்தான் போட்டிருந்தான்.

புயலுக்குப் பிறகு லீமா திருவனந்தபுரம், கொல்லம், கோழிக்கோடு என்று ஒவ்வொரு பிணவறை வாசலிலும் நின்றிருக்கிறாள். போன இடத்திலெல்லாம் ஒரே அடையாளம்தான் சொல்லியிருக்கிறாள். நீல பனியன், முதுகில் ஏழு, பச்சை வலைநூல் தையல். அதோடு தன் போன் நம்பர். இத்தனை வருஷமாக அந்த நம்பரை மாற்றவே இல்லை.

விளையாட்டு வினையாகும் என்று சொல்வார்கள். நான் விளையாடக்கூட இல்லை, வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன். "ஏட்டி, இது அதில்ல" என்று தொடங்கி, பிரீனா, அமெரிக்கா, கூரை என்று எதையெல்லாமோ உளறி ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். லீமா முழுதும் கேட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பிரிஜா பொறப்பட்டிருப்பாளே" என்று மட்டும் சொன்னாள்.

கூப்பிட்டோம். போனை எடுக்கவில்லை.

பிரிஜாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடல் கிடைக்காதவர்களுக்கு அவர்கள் உடுத்த துணியைப் பெட்டியில் வைத்து, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கினார்கள். இவள் மட்டும் சம்மதிக்கவில்லை. அரசாங்கம் ததேயுஸ் இறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டது. பிரிஜா எழுதிக் கொடுக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை, வர்ணச் சேலை உடுப்பதை நிறுத்தவில்லை. பங்குச்சாமியார் வந்து பேசினார். "அவரு வருவாரு ஃபாதர்" என்று சொல்லி அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஊரில் அவளுக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவள் வந்து சேர ஒரு மணிநேரம் ஆகியிருக்கும். ஆபீஸ் எனக்கு நினைவுக்கே வரவில்லை. மீன் வாங்க வந்தவர்களை நானே விரட்டினேன். ஆட்டோவிலிருந்து இறங்கியவள் அழவில்லை. கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. நேராக லீமாவிடம் வந்து, "எங்க வச்சிருக்காவ மைனி?" என்றாள்.

லீமா என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். இந்த ஜென்மத்தில் நான் பேசியதிலேயே கொடுமையான பேச்சு அதுதான். பிரிஜா அப்படியே ஐஸ் பெட்டி பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். பை சரிந்தது. உள்ளே அட்டை வைத்துக் குண்டூசி குத்தினபடி ஒரு வெள்ளைச் சட்டை, இரட்டை வேட்டி, ஒரு ஜெபமாலை. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. மடிப்பில் சட்டை லேசாக மஞ்சள் பிடித்திருந்தது.

லீமா அதைப் பார்த்தாள். "இது எப்பம் வாங்கின?"

"அந்த வருசந்தான்."

"பின்ன ஏம்ட்டி பெட்டி வைக்கண்டாம்னு சொன்ன?"

"நான் சரின்னு சொன்னாத்தானே மைனி அவரு சாவாரு" என்றாள் பிரிஜா.

நான் தட்டில் இருந்த மீனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நம்புகிறாள், நம்புகிறாள் என்று ஊரே சொன்ன பெண், முதல் வருஷமே சாவுத்துணி வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதிர்ச்சி என்ற சொல்லை அதுவரை நான் சும்மா பயன்படுத்தி வந்திருக்கிறேன்.

விழா வேண்டாம் என்று லீமா சொல்லிவிட்டாள். ஆனால் பிரிஜா, "ஏன் வேண்டாம்? நானும் வாறேன்" என்றாள்.

விழாவன்று கல்லூரி உள்ளரங்கம் நிறைந்திருந்தது. பழைய ஜெர்சி கடலோடு போனதால் அதே நீலத்தில் புதிதாக ஒன்று தைத்திருந்தார்கள். முதல்வர் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மைக் கிடைத்தவர்கள் எல்லோரும் அப்படித்தான். பிரிஜா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இனி அந்த நம்பரை வேற யாருக்கும் குடுக்கமாட்டாவளா?" என்று கேட்டாள்.

"மாட்டாவ."

"அப்பம் மறந்துர மாட்டாவளா?"

"மறக்கக்கூடாதுன்னுதானே மக்களே மேல ஏத்துறது."

அவள் யோசித்தாள். லீமாவிடம் கயிற்றைக் கொடுத்தார்கள். கயிறு இழுப்பது கடற்கரைக்காரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெர்சி மேலே போயிற்று. பாதி உயரத்தில் மின்விசிறிக் காற்று உள்ளே புகுந்து, ஆள் போட்டிருப்பதுபோல் உப்பியது. லீமாவின் கை நின்றுவிட்டது.

பிரிஜா எழுந்து களத்தின் நடுவுக்கு நடந்தாள். "மைனி, அது எனக்கு வேணும்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

லீமா கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்கினாள். கொக்கியிலிருந்து சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். முதல்வருக்கு வாய் அடைத்துப்போயிற்று. முதன்முறையாக. ஸ்மிதா மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். லீமா மைக்கில், "ஏழாம் நம்பரை யாருக்கும் குடுக்கண்டாம். அது அப்படியே இருக்கட்டு. சட்டை எனக்க தம்பிக்கு வேணும்" என்றாள். கை தட்டுவதா வேண்டாமா என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

பிரிஜா முதுகுப் பக்கத்தைத் திருப்பி ஏழைச் சுற்றி விரலால் தடவினாள். "இதுல வலைநூல் இல்லியே" என்றாள்.

அந்தக் கல்லூரியில் இப்போது கூரையில் கொக்கி மட்டும் இருக்கிறது. ஆறாம் நம்பருக்கு அடுத்து எட்டாம் நம்பர்தான் தைக்கிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை கடியப்பட்டணத்தில் அடக்கம். நான் காலையிலேயே போய்விட்டேன். லீமா வீட்டு நடையில் உட்கார்ந்து, பச்சை வலைநூலை ஊசியில் கோத்து, புது ஜெர்சியில் ஏழைச் சுற்றித் தைத்துக்கொண்டிருந்தாள். இடது கையால் நெருக்கமாக, இழுத்து இழுத்துத் தைத்தாள். பக்கத்தில் பிரிஜா வெள்ளைச் சட்டையிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை உடுத்திருந்தாள்.

பெட்டியில் முதலில் வேட்டி, சட்டை, ஜெபமாலை. மேலே ஜெர்சியை முதுகுப் பக்கம் தெரிய விரித்து வைத்தார்கள். மூடப்போகும்போது பிரிஜா கையால் தடுத்தாள். குனிந்து நூலைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"பிஞ்சு போவாதுல்லா மைனி?"

"போவாது" என்றாள் லீமா.

அப்போதுதான் பிரிஜா அழுதாள்.