சைபர் வரட்டும்

சப்ஸ்டேஷனில் என் வீட்டுக்காரருக்கு வைத்திருக்கும் பெயர் சைபர். என்னை சைபர் சம்சாரம் என்பார்கள். கேட்டுச் சிரித்துக்கொள்வேன், வேறென்ன செய்ய?

கரண்டு ஒரு நொடிக்குள் நூறு தடவை உச்சத்துக்கு ஏறி சைபருக்கு இறங்குமாம். கெப்பாசிட்டரை லைனில் சேர்க்கும்போது பிரேக்கர் என்கிற ராட்சச சுவிட்ச் சரியாக அந்த சைபரில் மூடினால் சத்தமில்லை, சேதமில்லை. கண்ட நேரத்தில் மூடினால் அடிக்கிற அடியில் கருவியெல்லாம் காலி. அதனால் "மூடு" என்று உத்தரவு வந்த பிறகும் ஒரு சின்னப் பெட்டி பொறுத்திருந்து, நேரம் பார்த்துத்தான் மூடவிடும். எவ்வளவு பொறுக்கணும் என்று அந்தப் பெட்டிக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது இவர் வேலை. இருபத்தாறு வருஷமாக ஒரு குறை கிடையாது.

வீட்டிலும் அதே கதைதான். நான் கத்த ஆரம்பித்தால் மொட்டைமாடிக்குப் போய்விடுவார். ஓய்ந்ததும் ஆடி அசைந்து இறங்கி வந்து, "சைபர் வந்தாச்சா?" என்பார். பாவி மனுஷன், சிரிப்பு வந்துவிடும்.

எங்களுக்கு ஒரே மகள், அப்பா செல்லம். பேச்சு வந்த நாளிலிருந்து அவரிடம் "நீ, வா, போ"தான். மரியாதை கொடுடி என்று நான் அதட்டினால் அவர் விடமாட்டார். "இருக்கட்டும்டி, என்னை அப்படிக் கூப்பிட வேற யாரு இருக்கா?"

கல்யாணமாகி வெளியூரில் இருக்கிற அவளுக்குப் போன வருஷம், வயிற்றில் ஏழு மாதம் இருக்கும்போது, பிள்ளை தங்காமல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து அழுதுகொண்டே கூப்பிட்டாள். வேதனையில் இந்த மனுஷன் வாயை விட்டார். "அப்பவே லீவு போடுன்னு சொன்னேன்ல, கேட்டியா?"

"நீயாப்பா இப்படிக் கேட்கிற? நீயா?" என்று அலறியவள் போனை வைத்துவிட்டாள்.

நான் பஸ் ஏறினேன். அவர் வரவில்லை. "இப்ப நான் வந்தா வெடிக்கும். சூடு தணியட்டும்."

அங்கே என் போன் அடித்தபோதெல்லாம் படுக்கையிலிருந்து தலையைத் தூக்கி, "அப்பாவாம்மா?" என்பாள். பத்து நாள் கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் இவரைக் கெஞ்சினேன், திட்டினேன். "இன்னும் கொஞ்சம் பொறுடி, எல்லாத்தையும் ஒரேயடியா கெடுத்துடக் கூடாது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

நாற்பது நாள் கழித்து வீடு வந்தேன். உள்ளே நுழையும் முன்னே, "கோபம் தணிஞ்சுதா?" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! பையை விட்டெறிந்தேன். "கெப்பாசிட்டருக்குத்தான் சைபர், டிரான்ஸ்ஃபார்மரை உச்சத்துலதான் சேர்க்கணும், சைபர்ல சேர்த்தா கரண்டைத் தாறுமாறா இழுக்கும்னு சோத்துல கைய வச்சுக்கிட்டு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க? பெத்த பொண்ணு இதுல எதுன்னு தெரியலையா உங்களுக்கு? அவ கதறினப்பவே போயிருக்கணும்ங்க!"

அவர் முகம் வெளுத்துவிட்டது. நின்ற இடத்திலேயே போன் போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது.

எடுத்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"சொல்லுங்கப்பா. நல்லா இருக்கீங்களா? வேளாவேளைக்குச் சாப்பிடுறீங்களா?"

அவர் போனை என் கையில் திணித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"'நீங்க'ங்கிறாடி," என்றார்.