கதவுப் பிடியில் கீரை

சுந்தராம்பாளுக்குச் சிறுவயதிலிருந்தே திக்குவாய். கல்யாணமாகி அறந்தாங்கியிலிருந்து மஸ்கட் வந்து, ரூவியில் பழைய கட்டடமொன்றில் குடியேறிய பிறகும் அக்கம்பக்கத்தில் யாரோடும் அவள் பேசவில்லை. கணவர் சேதுராமன் ஸ்டோர் கீப்பர். காலையில் டியூட்டிக்குப் போனால் இருட்டித்தான் வருவார்.

கட்டடத்தின் பின்புறம் வெறும் சரளை. ஏசித் தண்ணீர் சொட்டும் ஓரத்தில் மட்டும் குப்பைக்கீரை தானாக மண்டிக் கிடந்தது. அவள் பறித்துக் கடைந்த அன்று சேதுராமன் மறுசோறு கேட்டு வாங்கினார். மிஞ்சிய கீரையைப் பையில் போட்டு எதிர்வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டினாள். மணி அடிக்காமல் திரும்பிவிட்டாள். அதுவே வழக்கமாயிற்று. எதிர்வீட்டு ரஹீமா பீவிக்கு ஒரு பை, மேல்மாடியில் தனியாக இருந்த துணிக்கடை ஜெய்னுலாப்தீனுக்கு ஒரு பை. வைப்பது யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

2005 கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள். காலையில் பறித்துப் பைகளை மாட்டி வெகுநேரம் கழித்துக் குப்பை கொட்ட இறங்கியவளிடம் காவல்காரர் பின்புறத்தைக் காட்டி இந்தியில் சொன்னார். "காஸ் மே தவா மாரா, பாபி." புல்லுக்கென்று விடியற்காலையில் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். தன் வீட்டுக் கீரையை அவள் இன்னும் கடையவில்லை.

மேலே ஓடி ரஹீமா பீவியின் கதவைத் தட்டினாள்.

"கீ... கீ... கீரை... ம... மருந்து..."

"நீதான் வைக்கிறியாம்மா? இன்னும் ஆயல, இந்தா."

ஜெய்னுலாப்தீன் ஈரக்கையோடு கதவைத் திறந்தார். அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தார். அவளுக்கு வார்த்தையே வரவில்லை. கீழே போய்க் கணவரை இழுத்து வந்தாள். சேதுராமன் சொன்னதைக் கேட்டு ஜெய்னுலாப்தீன் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு அவர்களோடு டாக்ஸி ஏறினார்.

ஆஸ்பத்திரியில் அவரை இரவு தங்க வைத்தார்கள்.

"எ... என்னாலதான்."

"தெரிஞ்சா செஞ்ச? உக்காரு," என்றார் சேதுராமன்.

மறுநாள் ஒன்றுமில்லையென்று அனுப்பிவிட்டார்கள். பின்புறத்துப் பச்சையெல்லாம் கருகிப்போனது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

சில நாள் கழித்து ஜெய்னுலாப்தீன் மொபைலோடு வந்து நின்றார். "எங்க வீட்ல உன்கிட்டப் பேசணும்ங்கிறாக."

அவர் மனைவி காயல்பட்டினத்திலிருந்து பேசினார். "தனியாக் கெடக்குற மனுசருக்குக் கீரை குடுத்தது நீதானா?"

"அ... அக்கா... ம... ம..."

எதிர்முனை காத்திருந்தது. அவள் வார்த்தையை யாரும் பிடுங்கி முடிக்கவில்லை.

"...மன்னிச்சிருங்க."

"அத விடும்மா. அந்தக் கீரைய எப்புடிக் கடையுவ, சொல்லு."

சுந்தராம்பாள் திக்கித் திக்கிச் சொல்லத் தொடங்கினாள்.