குளிர்பானக் கடைக்காரரின் கால்புண்

எங்கள் பழங்குடிக் குடியிருப்பின் சுகாதாரப் பணியாளர் என் அக்காதான். அத்தானைச் சர்க்கரை நோய் கொண்டுபோனபோது, "இனிப்புத் தண்ணியிலயே கிடக்கிற கூட்டம், சாகத்தான் செய்யும்" என்றார், அதை எங்களுக்கு விற்ற கடைக்காரர். அக்கா அதை மறக்கவில்லை.

வீடு வீடாகப் போய் இரத்தம் சோதித்தாள். குளிர்பானத்தை விடச் சொன்னாள். பெண்களைத் திரட்டிக்கொண்டு, அவர் கடை வாசல் வழியாகவே தினமும் நடைப்பயிற்சி போனாள். கடைக்காரர் ஈ ஓட்டத் தொடங்கினார்.

ஒருநாள் அவரே ஆறாத கால்புண்ணோடு வந்தார். அக்கா பொறுமையாகக் கட்டுப்போட்டாள்.

"சரியாயிடுமாம்மா?"

"ஆக்கிடுறேன் அண்ணே. நீங்க உயிரோட இருக்கணும். கடையை இழுத்து மூடுறதை உங்க கண்ணாலயே பாக்கணும்."

புண் ஆறியது. கடையும் மூடியது. அக்காவுக்குச் சந்தோஷம் இரண்டாவதில்தான்.