சொட்டு நின்ற வீடு

ஹெப்சிபாவின் பிழைப்பு பேண்டேஜ் துணியோடுதான். கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வந்த மறுமாதமே துணி மடிக்க உட்கார்ந்தவள், மகள் ஷீனாவைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. எங்கெங்கோ யார் யாருக்கோ அடிபட்டால் கட்டுகிற துணி அவள் விரல் பட்டுத்தான் போயிருக்கும். "ஏட்டி, மெஷினே ஒன்கிட்ட வந்து வேல கத்துக்கணும்" என்று கேலி செய்வார் புருஷன் மைக்கேல். நூல் மில்லில் வேலை பார்த்தவர். பேச ஆரம்பித்தால் லேசில் ஓயாத மனுஷன்.

அந்தப் பேச்சைத்தான் வாதம் முதலில் கொண்டுபோனது. வலது பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "ஏட்டி." தண்ணீர் வேண்டுமென்றாலும் ஏட்டி, கொசு கடித்தாலும் ஏட்டி, சும்மா அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றாலும் ஏட்டிதான். முதல் வருஷம் ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். ஒருத்தி எத்தனை தடவைதான் ஓடுவாள்? பிறகு குரலைக் கேட்டே தரம் பிரிக்கப் பழகிக்கொண்டாள். இது தண்ணிக்கு, இது ஒண்ணுக்குப் போக, இது சும்மா. தன் காது தப்பாது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. பல நாள் தப்பவும் இல்லை.

வீடு மைக்கேலின் தாத்தா கட்டியது. தேக்கு உத்திரம் போட்டு, அதன் மேல் நெருக்கமாகக் கட்டை அடுக்கி, அதற்கும் மேலே செங்கலும் சுண்ணாம்பும் இட்டு இறுக்கிய பழைய தளம். கீழே முன்னறை, நடு அறை, அடுப்படி. மேலே நீளமாக ஒரே அறையாக மச்சு. பேண்டேஜ் கம்பெனி நடத்தும் சமுத்திரம் வெளுத்த துணியையும் கழித்துப்போட்ட துணியையும் சிப்பம் சிப்பமாகக் கட்டி அந்த மச்சில் அடுக்கிவைப்பார். ஹெப்சிபா கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி மடித்துக் கொடுப்பாள். வேலை வீடு தேடி வந்துவிட்டதால் மைக்கேலைத் தனியே விட்டுவிட்டு எங்கும் போக வேண்டியதில்லை. அவளுக்கு அதுவே பெரிய நிம்மதி.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அந்த மழை பிடித்தது. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது, விட்டபாடில்லை. மறுநாள் காலையில் நடு அறையில், மைக்கேலின் கட்டிலுக்கு நேர்மேலே, உத்திரத்தின் ஓரமாக ஈரம் பூத்தது. மத்தியானம் சொட்டாக விழுந்தது, அப்புறம் ஒழுக ஆரம்பித்தது. ஹெப்சிபாவும் பக்கத்து வீட்டு ஜெயபாயும் கட்டிலை மைக்கேலோடு சேர்த்து இழுத்து முன்னறையில் போட்டார்கள். அண்டா, வாளி, இட்லிக் கொப்பரை என்று வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம் நடு அறைக்குப் போயிற்று.

யாசினுக்குப் போன் போட்டாள். ஒழுகல் அடைக்கிற கொத்தனார். மழை பெய்தால் ஊரே வீட்டுக்குள் ஓடும், அவன் மட்டும் அடுத்தவர் வீட்டு மாடிக்கு ஓடுவான். வந்ததும் முதல் வேலையாக மெயின் பியூஸைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தான்.

"சுவரு பூராம் ஈரமா கெடக்குக்கா. மழை விடுற வரைக்கும் லைட்டு, பேனு எதுவும் போட்டுறாதிய."

மொட்டைமாடியில் தண்ணீர் வெளியே போகிற ஓட்டையை வேப்பஞ்சருகு அடைத்து, மாடி குளமாகிக் கிடந்தது. கையை விட்டு அள்ளி வெளியே போட்டான். விரிசலுக்கு மேல் தார்ப்பாய் விரித்துச் செங்கல் வைத்தான். ஆனாலும் மச்சுக்குள் சுவரோரமாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இறங்கியது தரையில் பரவி, நடு அறைக்கு மேலே வந்து தேங்கியது.

"மழை விட்டாத்தான்க்கா சுண்ணாம்பு வேல பாக்க முடியும். இப்ப என்ன வச்சுப் பூசினாலும் நிக்காது."

"அதுவரைக்கும் அவிய முன்னறையிலயே கெடக்கவாப்பா? வாறவுக போறவுக பூராம் எட்டிப் பாக்காவ. அவியளுக்கு அது ஆகவே ஆகாது."

யோசனை ஹெப்சிபாவுக்குத்தான் வந்தது. அந்தத் தொழிலில் இருக்கிற எவளுக்கும் அதுதான் வரும். பால் கொட்டினாலும் எண்ணெய் கொட்டினாலும் அவர்கள் கை முதலில் தேடுவது கழித்துப்போட்ட பேண்டேஜ் துணியைத்தான்.

"அந்தக் கழிவுச் சிப்பத்த எல்லாம் குறுக்க உருட்டிப் போட்டா தண்ணி இங்கிட்டு வராதுல்லா?"

யாசின் செத்த நேரம் யோசித்தான். "அதுவும் சரிதான்க்கா" என்றான். இருவருமாகச் சிப்பங்களை உருட்டி, நடு அறைக்கு மேலே அணை மாதிரி இரண்டு அடுக்காக வைத்தார்கள். கழிவு போதாமல் நல்ல சரக்கிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள்.

கீழே ஒழுகல் குறைந்தது. விடிந்து பார்த்தபோது சொட்டு நின்றே போயிருந்தது. மழை மட்டும் நிற்கவில்லை.

மழை பெய்கிறது, சொட்டு விழவில்லை என்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? அந்த வீட்டில் ஒரு ஜீவனாவது இதைக் கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருக்க வேண்டியவள் ஹெப்சிபா. துணி நல்லதா என்று பார்க்க, ஒரு துண்டைத் தண்ணீர்ச் செம்பில் போடுகிறவள் அவள். போட்ட மாத்திரத்தில் குடித்து மூழ்கினால்தான் சரக்கு சுத்தம் என்று புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளும் அவள்தான். ஆனால் காய்ந்த தரையைப் பார்த்ததும் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது. மச்சுக்கு ஏறி ஒரு எட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் தெருப் பெண்களின் ஜெபக்கூட்டம் அவள் வீட்டு முறை. அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமே என்றாள் ஜெயபாய்.

"கர்த்தர் ஒழுகல நிப்பாட்டிக் குடுத்திருக்காரு. ஸ்தோத்திரம் சொல்லாம இருக்கவா?" என்றாள் ஹெப்சிபா.

முன்னறை காலியாக வேண்டும். கட்டிலை மறுபடியும் நடு அறைக்குத் தள்ளி, பழைய இடத்திலேயே போட்டார்கள். மைக்கேலுக்கு முகம் கழுவிவிட்டு, போர்த்திவிட்டு, தலைமாட்டில் அரிக்கேன் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு, கதவைச் சாத்தினாள். கதவு சரியாகச் சேரவில்லை. மேலே எங்கோ பிடித்தது. மழைக்கு மரம் ஊதிக்கொள்வது வருஷா வருஷம் நடப்பதுதானே என்று வளையத்தைப் பிடித்துப் பலமாக இழுத்துச் சாத்தினாள்.

பாட்டு முடிந்து ஜெயபாய் ஜெபம் பண்ண ஆரம்பித்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏட்டி."

கண்ணை மூடியபடியே காதைக் கொடுத்தாள் ஹெப்சிபா. இது சும்மா கூப்பிடுவது என்று பட்டது.

"ஏட்டி. ஏட்டி."

"இந்தா வாரேங்க. ஜெபம் முடியட்டும்" என்றாள்.

அவர் விடவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். வந்திருந்த பெண்கள் முன்னால் ஹெப்சிபாவுக்குச் சங்கடமாக இருந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இத்தனை நாள் ஓடிய ஓட்டத்தில் ஒரு அரைமணி நேரம் தனக்கென்று கிடையாதா என்று நினைத்தாள். ஜெயபாய் அந்தச் சத்தத்துக்கு மேலே தன் குரலை உயர்த்தினாள். ஒழுகலை நிறுத்தின தேவனுக்கு எல்லோருமாக ஸ்தோத்திரம் சொன்னார்கள். அதற்குள் உள்ளே குரல் அடங்கியிருந்தது. தூங்கிவிட்டார் என்று அவள் நிம்மதியானாள்.

ஆமென் சொல்லிவிட்டு, காப்பி போட அடுப்படிக்குப் போக எழுந்தாள். நடு அறை வழியாகத்தான் போக வேண்டும். கதவைத் தள்ளினாள். அசையவில்லை. பலங்கொண்ட மட்டும் தள்ளினாள். உள்ளே மரம் நெரிபடுகிற சத்தம் கேட்டது. "ஏங்க" என்று அவள் கத்தி முடிப்பதற்குள் உத்திரம், கட்டை, செங்கல், சுண்ணாம்பு, சிப்பம் என்று மச்சு மொத்தமும் நடு அறைக்குள் இறங்கிவிட்டது.

தீயணைப்பு வண்டி வந்தது. ஒரு ஆள் தோளில் தூக்கிப்போகிற சிப்பத்தை நாலு பேர் சேர்ந்து புரட்டினார்கள். அமுக்கிய இடமெல்லாம் தண்ணீர் பொங்கியது. சேதி கேட்டு ஓடிவந்த யாசின் தெருச் சகதியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை.

மைக்கேலை எடுத்தபோது நல்லபடியாக இருந்த இடது கால் கட்டிலுக்கு வெளியே தரையில் ஊன்றி இருந்தது. இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஜெயபாய் ஓடிப்போய்ப் போர்வையை மேலே போட்டாள். பிறகு கேட்டவர்களிடமெல்லாம், "தூக்கத்துலயே போயிட்டாவ. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றாள். சர்ச் ஐயரும் அதையே அடக்க ஆராதனையில் சொன்னார். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஷீனா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அழுது ஓய்ந்தாள்.

இப்போது அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்துப் பக்கம், தம்பி வீட்டை ஒட்டி ஒரு சின்ன கான்கிரீட் வீட்டில் இருக்கிறாள். துணி மடிக்கப் போவதில்லை. கோடை லீவுக்கு வந்திருந்த ஷீனா ஒரு நாள் மத்தியானம் அவளுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "அப்பா படாம கொள்ளாம தூக்கத்துலயே போயிட்டாவ. அந்த மட்டுக்கும் நமக்கு ஆறுதல்தான்மா."

ஹெப்சிபா திரும்பாமலே இருந்தாள். "தூங்கல ஷீனா. மேல எறங்குறத பாத்துட்டுத்தான் கெடந்தாவ. என்னையக் கூப்பிட்டாவ. நான் போகல."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் ஷீனாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எம்புட்டு நேரம்மா கூப்பிட்டாவ?"

"ஓயுற வரைக்கும்" என்றாள் ஹெப்சிபா.