வாசலில் நின்ற கொரியாக்காரர்

கசாக் நாட்டில், பல்காஷ் ஏரிக்கரை ஊரில் முப்பத்தைந்து வருஷம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ரொடியோன் ஹெகாய்க்கு, அறுபத்தோராவது வயதில் புது வேலை கிடைத்தது: கொரியாக்காரராக இருப்பது.

வேலை கொடுத்தவள் சல்தனாத் என்ற கசாக் பெண். கொரிய டிவி தொடர்களைப் பார்த்துப் பித்துப்பிடித்துத் திரிந்த இளசுகளை நம்பிக் கொரியச் சாப்பாட்டுக் கடை திறந்திருந்தாள்.

"அண்ணே, நீங்க பட்டு அங்கியப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னாப் போதும். குனிஞ்சு வணங்கி, கொரிய மொழியில ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

"அந்த மொழி எனக்குத் தெரியாதேம்மா."

"மூஞ்சி இருக்குல்ல?"

தாத்தா காலத்தில் கொரியாவிலிருந்து வந்த குடும்பத்தின் அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மாஸ்கோ சந்தையில் போலீஸ்காரர்கள் அவரைக் கசாக் என்று நிறுத்தி அடையாளக் காகிதம் கேட்டார்கள். கொரியாவுக்கே போய், ரஷ்ய மொழி பேசும் ஆட்களோடு நான்கு வருஷம் தொழிற்சாலையில் உழைத்தார். அங்கே அவர் வாயைத் திறந்ததும் 'ரஷ்யாக்காரன்' என்றார்கள். பிறந்த நாட்டில்தான் கொரியாக்காரர். அதற்குச் சம்பளமும் தருகிறேன் என்றால் யார் விடுவார்?

அவருக்குத் தெரிந்த கொரிய மொழியெல்லாம் அம்மா திட்டியது மட்டும்தான். அதையே பக்குவமாகப் பிரித்து வைத்துக்கொண்டார். ஜோடியாக வருகிறவர்களுக்கு, "சோத்தைச் சிந்தினா தோலை உரிச்சிடுவேன்." கூட்டமாக வந்தால், "எங்கேடா போய் ஊரைச் சுத்திட்டு வர்றீங்க?" இடுப்பு வளைய, தேன் குரலில் சொல்வார். பிள்ளைகள் அர்த்தம் புரியாமலே நெஞ்சில் கைவைத்து உருகிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் பிழைப்பு இப்படி ஓடியது. ஒரு ஞாயிறு மதியம் ஆட்டு வியாபாரி தவுலெத், தங்கை நாஸிமுடன் வந்தான். ரொடியோன் குனிந்தார். "மூக்கை ஒழுகவிட்டுக்கிட்டு நிக்காதே, கழுதை."

கல்லூரியில் கொரிய மொழி படித்துக்கொண்டிருந்த நாஸிம் குபீரென்று சிரித்துவிட்டாள்.

"அண்ணா, அவரு உன்ன மூக்கத் துடைக்கச் சொல்றாரு!"

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சல்தனாத் கல்லாவை விட்டு ஓடிவந்தாள். தவுலெத்தின் கை தானாக மூக்குக்குப் போனது.

"யாருய்யா நீ?"

இனி மறைத்துப் பயனில்லை. ரொடியோன் நல்ல கசாக் மொழியில் சொன்னார்: "ஏழாம் நம்பர் பஸ் டிரைவர். உன் மூக்கு எனக்கு நீ ஒண்ணாம் வகுப்பு போன நாள்லேர்ந்து பழக்கம்டா தம்பி. சீட்டுலதானே துடைப்பே!"

"ரொடியோன் மாமாவா! இந்தப் பாவாடையில அடையாளமே தெரியல!" தவுலெத் அவரைக் கட்டிக்கொண்டு இழுத்துப்போய், பெரியவர்களுக்குரிய நடு இடத்தில் உட்காரவைத்தான். கடை அதிரச் சிரித்தது.

நாஸிம் மட்டும் நோட்டை எடுத்து அவர் பக்கத்தில் நகர்ந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க மாமா. அந்த 'ஒழுக'ங்கிற வார்த்தைய எங்க வகுப்புல வேற மாதிரி சொல்வாங்க."

"எங்கம்மா இப்படித்தான் திட்டுவா. திருத்தணும்னா அவகிட்டப் போய்ச் சொல்லு."

"திருத்தல. எழுதிக்கிறேன்."

அம்மா பேசியதை ஒருவர் எழுதி வைத்துக்கொள்வார் என்று அவர் நினைத்ததே இல்லை. பதினேழு வசவுகள் சொன்னார். இரண்டு கெட்ட வார்த்தைகளைக் காதோடு சொன்னார்.

மறுநாளிலிருந்து அங்கி ஆணியில் தொங்கியது. தன் பழைய கோட்டிலேயே வாசலில் நின்றார். இளசுகள் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"நீங்க நெசக் கொரியாக்காரரா மாமா?"

"மொதல்ல செருப்புச் சேத்தத் துடைச்சிட்டு உள்ள வா."