கல்வராயன் காண்டத்தின் முதல் பிரதி

எங்கள் கள்ளக்குறிச்சியில் இளஞ்செழியன் சார் நாவல் எழுதுவது எல்லோருக்கும் தெரியும். எழுதியதைப் பார்த்தவர்தான் யாரும் இல்லை. நான் நவுஷாத், கச்சிராயபாளையம் ரோட்டில் அச்சகம் வைத்திருக்கிறேன். அவருடைய ‘கல்வராயன் காண்டம்’ நாவலுக்கு இதுவரை மூன்று அட்டை அடித்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அட்டை பிரமாதம்.

சார் ஓர் அலுவலகத்தில் கிளார்க். கல்யாணமான புதிதில் நாவலைத் தொடங்கினார், அதாவது பேனா தேடத் தொடங்கினார். பேனா கிடைத்ததும் கல்வராயன் மலையைப் பார்த்தபடி மேசை போட்டார். எதிர்வீட்டுக்காரர் மாடி கட்டி மலையை மறைத்துவிட்டதால் அந்த வருஷம் அதோடு போயிற்று. பிறகு களஆய்வு என்று மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு பஸ் ஏறினார். மலை மக்களின் வாழ்க்கையை அப்படியே உள்வாங்கிக்கொண்டு வந்ததாகச் சொல்வார். பஸ்ஸிலிருந்து இறங்கியது பலாப்பழமும் தேன் பாட்டிலும்தான்.

கம்ப்யூட்டர் வந்தபோது நல்ல எழுத்துரு அமையவில்லை என்றார். இப்போது செல்போன். காபி டம்ளரையும் மேசையையும் படம் எடுத்து, ‘இன்று என் நாயகி என்னுடன் பேச மறுக்கிறாள்’ என்று ஃபேஸ்புக்கில் போடுவார். லைக் விழ விழ, ஓர் அத்தியாயம் முடித்த திருப்தி வந்துவிடும். எழுந்து சாப்பிடப் போய்விடுவார்.

இதை நான் சிரித்துக்கொண்டே சொல்லலாம், அந்த வீட்டில் அவர் மட்டும் இருந்திருந்தால். அவர் மனைவி பெரியநாயகி அக்கா கரும்பு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வரப்பில் நின்று கூப்பிட்டால் நாலு கழனி தாண்டிக் கேட்கும் குரல் என்பார்கள். சார் எழுத உட்கார்ந்ததிலிருந்து அந்தக் குரல் அடங்கிப்போனது. சார் அறைக்குள் இருந்தால் மிக்ஸி ஓடாது. சட்னியை அக்கா பக்கத்து வீட்டில் அரைத்து வருவார். வந்த சொந்தக்காரர்களை கேட்டிலேயே நிறுத்தி, எழுதிக்கினு இருக்காருங்க என்று மெல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். ஒரே மகள் மணிமொழிக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து கிசுகிசுப்பு மட்டுமே பழக்கம். படித்து முடித்து இன்டர்வியூவுக்குப் போன இடத்தில், தொண்டை சரியில்லையா என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். பயோடேட்டா அடிக்க என் கடைக்கு வந்தபோது, அந்தப் பெண் சொல்வது காதில் விழ நான் மெஷினை நிறுத்த வேண்டியிருந்தது. புத்தகம் ஒன்று வந்துவிட்டால் பட்டதற்கெல்லாம் பலன் கிடைத்துவிடும் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தார்.

சார் ரிட்டயர் ஆகும் நேரம் வந்தது. ஆபீஸில் எல்லோரும் நாவல் எங்கே என்று கேட்டதும், ரோஷத்தில் வெளியீட்டு விழாவுக்குக் கல்யாண மண்டபம் பிடித்துவிட்டார். என்னிடம் வந்து டம்மி ஒன்று கேட்டார். புத்தகம் எவ்வளவு கனம் வரும் என்று பார்க்க, அட்டைக்குள் வெறும் தாளை வைத்துத் தைப்பதுதான் டம்மி. தொழிலில் வழக்கமானது என்பதால் தைத்துக் கொடுத்தேன். அது ஜிகினாத்தாள் சுற்றிக்கொண்டு மேடையேறும் என்று எனக்கென்ன தெரியும்.

அவர் போட்ட கணக்கில் தப்பு சொல்ல முடியாது. நம் மேடைகளில் யாரும் புத்தகத்தைத் திறப்பதில்லை. தாளைக் கிழிப்பார்கள், அட்டையை கேமராவுக்குக் காட்டுவார்கள், அவ்வளவுதான். பிரதி அடுத்த வாரம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டால் விழா முடிந்தது. வாழ்த்திப் பேச வந்த தமிழ்ப் பேராசிரியர், கையெழுத்துப் பிரதியை ஒரே மூச்சில் படித்து முடித்ததாகவே பேசத் தொடங்கினார். ஏழாவது அத்தியாயத்தில் வரும் மலைப்பெண்ணுக்காகக் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

முதல் பிரதி வாங்க வேண்டிய பெரிய மனிதர் மட்டும் வரவில்லை. சாரின் துணைவியாரே வாங்கட்டும் என்று யாரோ சொல்ல, ஒரே கைதட்டல். சார் முகம் வெளுத்ததை முன்வரிசையிலிருந்து பார்த்தேன். அக்கா அதற்கு முன் எந்தப் புத்தக விழாவுக்கும் போனதில்லை. புத்தகம் கொடுத்தால் படிக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார்.

திறந்தார். ஒரு பக்கம் புரட்டினார். விரலை எச்சில் தொட்டுக் கடைசித் தாள் வரைக்கும் புரட்டினார். பேராசிரியர் இன்னும் ஏழாவது அத்தியாயத்தை விடவில்லை. அப்போதுதான் அந்தப் பழைய வரப்புக் குரலை முதன்முதலாகக் கேட்டேன்.

“இன்னாங்க இது, வெறும் பேப்பரு? இதுக்கா எம் பொண்ண வாயத் தொறக்கவுடாம வளத்தேன்?”

மைக் தேவைப்படவில்லை. பேராசிரியர் உட்கார்ந்துவிட்டார். அக்கா டம்மியை நாற்காலியில் வைத்துவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தை விட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் விடிந்ததும் அந்த வீட்டில் மிக்ஸி ஓடியதாம். இப்போது டிவி ஓடுகிறது, சொந்தக்காரர்கள் வந்து போகிறார்கள். கொல்லையில் துணி துவைத்தபடியே அக்கா மகளிடம் ஊர்க்கதை கேட்கிறார். காதில் விழவில்லை, சத்தமாகச் சொல் என்று திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறார். போன வாரம் அடுத்த இன்டர்வியூவுக்காக பயோடேட்டா அடிக்க வந்த மணிமொழி, மெஷின் ஓடும்போதே இரண்டு காப்பி என்றாள். எனக்குக் கேட்டது.

நேற்று சார் வந்தார். நாவல் முழுக்க மண்டைக்குள் தயாராக இருக்கிறதாம்.

“வூட்ல ஒரே சத்தம் பாய். இப்பதான் எழுதலாம்னு உக்காந்தேன். இந்த சத்தத்துல மனுஷன் எப்புடி எழுதறது?”

மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அதை அவர் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான் நிறுத்தவில்லை.